ஓராண்டாக வரைகிறேன், படம் மெழுகுபொம்மையாகவே வருகிறது

செம்மண்கோடு | ஜூன் 3, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க நாட்காட்டியும் லேபிளும்தான். இரவு சாப்பிட்டு முடித்து, பத்து மணிக்குமேல்தான் டேப்லெட்டைத் தொட முடிகிறது. கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும், திரை இல்லாத பழைய டேப்லெட், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா மென்பொருள். ஓராண்டில் 14 படங்களை முடித்திருக்கிறேன்.

இணைத்திருப்பது பதினான்காவது. விடியற்காலை டீக்கடை. மாஸ்டர் டீ ஆற்றுகிறார், பின்னால் பாய்லர், பெஞ்சில் வேட்டி கட்டிய பெரியவர்கள் இருவர். மூன்று வாரம் பிடித்தது. மொத்தம் 47 லேயர், அதாவது கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக 47 அடுக்கு. பெரிதாக்கிப் பார்த்தால் மாஸ்டரின் மீசை முடிகூட ஒவ்வொன்றாகத் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் எல்லாரும் மெழுகில் வார்த்தவர்களாக இருக்கிறார்கள். தங்கையிடம் காட்டினேன். ‘அழகாக இருக்கிறது’ என்றாள். எழுந்து போகிற போக்கில், ‘அவர் கையில் இருப்பது டம்ளரா, தண்ணீர்க் குழாயா?’ என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எந்த பிரஷ் பயன்படுத்தினால் உயிர் வரும்? பேனாவின் அழுத்தத்தை 8192 நிலைகளில் உணரும் புது டேப்லெட் வாங்கினால் மாற்றம் தெரியுமா?

நீலச்சாயம் | ஜூன் 4, காலை 7.15

புது டேப்லெட் வேண்டாம். பணத்தை வைத்திருங்கள். உங்கள் படத்தில் உள்ள கோளாறு எதுவும் பேனாவின் அழுத்தத்தால் வந்ததில்லை.

நான் விளையாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் பின்னணி ஓவியங்கள் வரைகிறேன். எந்தப் படம் வந்தாலும் முதலில் அதைக் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது வழக்கம். உங்கள் படத்தைச் சுருக்கியதும் மாஸ்டர் காணாமல் போய்விட்டார். அவருடைய பச்சைச் சட்டையும் பின்னால் இருக்கும் ஆரஞ்சுச் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கின்றன. நிறம் வேறு என்பதால் பெரிய அளவில் கண் பிரித்துக்கொள்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் சட்டை சுவருக்குள் கரைந்துவிடுகிறது. மேலே ஒரு லேயர் போட்டு, முழுக்கக் கருப்பை நிரப்பி, அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் முறையை ‘கலர்’ என்று மாற்றிப் பாருங்கள். படம் கருப்பு வெள்ளையாகிவிடும்.

அடுத்தது விளிம்புகள். மீசை, பாய்லர், டம்ளர், ஆவி எல்லாவற்றையும் ஒரே மெத்தென்ற ஏர்பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறீர்கள். ஆவிக்கு விளிம்பு கிடையாது, பாய்லருக்கு உண்டு. முகத்திலும் அப்படித்தான். மூக்கின் நிழல் கன்னத்தில் விழுகிற இடம் கூர்மையாக வெட்டி நிற்கும். கன்னம் தானாக வளைந்து இருட்டுக்குள் போகிற இடம் மெல்லக் கரையும். இரண்டையும் ஒன்றுபோல் கரைத்தால் தோல் மெழுகாகாமல் வேறு என்னவாகும்?

ஒரு சந்தேகம். எத்தனை சதவீதம் பெரிதாக்கி வேலை செய்கிறீர்கள்? 300 இருக்குமா?

செம்மண்கோடு | ஜூன் 4, மதியம் 1.20

400, அக்கா.

கருப்பு லேயர் போட்டுப் பார்த்தேன். தலையும் இரண்டு கைகளும் மட்டும் சுவரில் மிதக்கின்றன. பேய்ப்பட விளம்பரம் போல இருக்கிறது.

மழைக்காகிதம் | ஜூன் 4, மாலை 6.05

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி, கைப்பேசியில் விரலால் வரைகிறேன். நானும் என் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். நிறச் செறிவைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுவேன். மஞ்சள் சேலையும் நீல ரவிக்கையும் ஒரே சாம்பலாக வந்தன. அவை ஒரே வெளிச்ச அளவு என்று நினைத்து இரண்டையும் மாற்றிவிட்டேன். அது தவறா?

நீலச்சாயம் | ஜூன் 4, இரவு 9.30

தவறு உங்களுடையது இல்லை, அந்தக் கருவியுடையது. செறிவை இழுக்கிற பல கருவிகள் மூன்று வண்ண எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகின்றன. முழு மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. முழு நீலம் என்பது 0, 0, 255. இரண்டுக்கும் பாதி 128-தான் வரும். ஆகவே ஒரே சாம்பல்.

நம் கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பச்சைக்கு அதிகம் விழித்துக்கொள்ளும், நீலத்துக்கு மிகக் குறைவாக. தொலைக்காட்சிக்காரர்கள் பழைய காலத்திலேயே இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. அந்தக் கணக்கில் மஞ்சள் ஏறத்தாழ 226, நீலம் 29. ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை, மற்றது கிட்டத்தட்டக் கருப்பு. கருப்பு லேயரை ‘கலர்’ முறையில் வைக்கும்போது கிடைப்பது இதற்கு நெருக்கமானது. கைப்பேசிச் செயலிகளிலும் பெரும்பாலும் அந்த முறை உண்டு, தேடிப் பாருங்கள்.

சேலையைப் பழையபடி மாற்றிவிடுங்கள்!

செம்மண்கோடு | ஜூன் 4, இரவு 11.10

இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அச்சகத்தில் தினமும் பார்ப்பதுதானே இது! நான்கு நிறங்களுக்கான அச்சுத் தகடுகளையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும்போது மஞ்சள் தகடு மட்டும் காகிதத்தில் படிந்திருக்கிறதா என்றே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளாகப் பார்த்தும் வரைகிறபோது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

பெரியமேடு | ஜூன் 5, காலை 5.50

தம்பி செம்மண்கோடு, 14 படம் முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஸ்கெட்ச் போட்டீர்கள் என்று எங்குமே எழுதவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் படித்த கல்லூரியைச் சென்னையில் 1850-இல் தொடங்கியவர் ஒரு மருத்துவர், ஹன்டர் என்று பெயர். உடம்பை அறுத்துப் பார்ப்பவன் தொடங்கிய இடம் என்பதாலோ என்னவோ, எங்களுக்கும் அப்படித்தான் பாடம். ஒரு பொருளை எடுத்து, அதில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை வரைவது. அதைத்தான் ஸ்டடி என்போம். முழுப் படம் என்பது இருபது முப்பது கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லும் தேர்வு. நீங்கள் ஒரு பாடமும் படிக்காமல் 14 தேர்வு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் தங்கை சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். டீக்கடையை மறந்துவிட்டு வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னல் ஓரம் வையுங்கள். ஒரே லேயர், ஒரே கெட்டியான வட்ட பிரஷ், நான்கே சாம்பல். நேரம் 40 நிமிடம், கடிகாரம் அடித்தால் நிறுத்திவிட வேண்டும். ஆறு நாள் அதே டம்ளர். ஆறையும் இங்கே போடுங்கள், கெட்டுப்போனதையும் சேர்த்து.

பகலில் உணவு இடைவேளையில் பந்துமுனைப் பேனாவால் ஆட்களை வரையுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். பேனா ஏன் என்றால், அதில் ‘திரும்பப் பெறு’ பொத்தான் கிடையாது. கணினியில் ஒரு கோட்டை இருபது தடவை அழித்துப் போடுகிறவனுக்கு, முதல் கோட்டைப் போடுமுன் பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது.

தலைகீழ் | ஜூன் 5, இரவு 10.45

மாறாக ஒன்று சொல்ல வேண்டும். நான் இரண்டு ஆண்டுகள் ஸ்டடி மட்டுமே செய்தவன். உருளை, கனசதுரம், மண்டை ஓடு, பழைய ஐரோப்பிய ஓவியர்களின் படங்கள். கோப்புறை நிரம்பி வழிந்தது. பிறகு ஒருநாள் சொந்தமாக ஒரு படம் போடலாம் என்று உட்கார்ந்தால், போட ஒன்றுமே இல்லை. எதிரே எதையாவது வைத்தால்தான் கை நகர்ந்தது. ஸ்டடி பாதுகாப்பான இடம். தோற்றாலும் ‘பயிற்சிதானே’ என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தம்பியிடம் குறையாத ஒன்று உண்டு: டீக்கடையை வரைய வேண்டும் என்ற ஆசை. அதை டம்ளரில் போட்டு மூடிவிடாதீர்கள்.

பெரியமேடு | ஜூன் 6, காலை 6.10

நியாயமான பயம்தான். ஆனால் உங்கள் இரண்டு ஆண்டுகளில் கேள்வி எது என்று கேட்பேன். மண்டை ஓட்டை ஏன் வரைந்தீர்கள்? எல்லாரும் வரைகிறார்கள் என்பதற்காகவா? இவர் டம்ளரை வரைவது டீக்கடைக்காக.

ஓவியர் வான்கா 1880 வாக்கில், சார்ல் பார்க் என்பவர் உருவாக்கிய வரைபயிற்சித் தாள்களைப் பார்த்து ஒன்றுவிடாமல் பிரதி எடுத்தார். இறந்துபோன 1890-இல் மறுபடியும் எடுத்தார். இடையில் அவர் வரைந்தவை உலகத்துக்கே தெரியும். பிரதி எடுத்ததால் அவர் கை கட்டப்பட்டுவிடவில்லை.

தலைகீழ் | ஜூன் 6, இரவு 11.00

வான்காவை எடுத்தால் எந்த வாதத்தையும் ஜெயித்துவிடலாம், ஐயா. நான் என்னைப் பற்றித்தான் சொன்னேன்.

செம்மண்கோடு | ஜூன் 12, இரவு 11.55

ஆறு டம்ளர்களையும் இணைத்திருக்கிறேன். முதல் இரண்டைப் பார்த்துச் சிரிக்க அனுமதி உண்டு.

முதல் நாள் நான் வரைந்தது டம்ளரை அல்ல. ‘எவர்சில்வர் பளபளக்கும்’ என்ற செய்தியை வரைந்திருக்கிறேன். இடது ஓரம் வெளிச்சம், வலது ஓரம் இருட்டு, நடுவில் ஏர்பிரஷ் தேய்ப்பு. அதே தண்ணீர்க் குழாய். மூன்றாம் நாள்தான் உண்மையில் பார்த்தேன். டம்ளரில் மெல்லக் கரையும் இடமே கிட்டத்தட்ட இல்லை. செங்குத்தான பட்டைகள், கத்தியால் வெட்டியதுபோல். நல்ல கருப்புப் பட்டைக்குப் பக்கத்திலேயே நல்ல வெள்ளை. நடுவில் ஒரு கரும்பட்டை இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் குழம்பிய பிறகுதான் புரிந்தது, அது என் சட்டை. நான் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது.

விளிம்பு வளையத்தில் ஓர் இடத்தில் மட்டும் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. படத்திலேயே மிக வெளிச்சமான இடம் அதுதான். நான் முன்பெல்லாம் உடம்பு முழுக்க வெள்ளையைத் தடவிவிடுவேன். அடிப்பகுதியில் எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமென்ட் தரை ஏறியிருக்கிறது. எவர்சில்வருக்குச் சொந்த நிறமே இல்லை போலிருக்கிறது, அக்கம்பக்கத்தாரின் நிறத்தில் பிழைக்கிறது.

பேனா ஸ்கெட்ச்சும் போடுகிறேன். அச்சகத்தில் காகிதம் வெட்டும்போது விழும் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து நோட்டாக்கிக்கொண்டேன். பைண்டிங் பிரிவு அண்ணன் ஒருவர் தான் குனிந்திருக்கும் முதுகைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு கூனா எனக்கு?’ என்று கேட்டார்.

நீலச்சாயம் | ஜூன் 13, காலை 7.40

ஐந்தாவது டம்ளரை எடுத்து என் மேசையில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆறாவதில் ஏன் பின்வாங்கினீர்கள்? தேய்ப்பு மறுபடியும் வந்திருக்கிறது.

ஆறிலும் ஒரே பிழை: வாய் வட்டமும் அடி வட்டமும். நீங்கள் மேலிருந்து பார்க்கிறீர்கள். வாய் உங்கள் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வட்டம் ஒடுங்கித் தெரியும். அடி இன்னும் கீழே இருப்பதால் அது இன்னும் திறந்து, உருண்டு தெரிய வேண்டும். நீங்கள் வாயை அகலமாகத் திறந்துவிட்டு அடியை நேர்கோடாக இழுத்திருக்கிறீர்கள். தரை தட்டை, ஆகவே டம்ளரின் அடியும் தட்டை என்று மூளை சொல்லியிருக்கிறது. இன்னொன்று, வட்டத்தின் இரண்டு ஓரங்களும் மீன் வாய் போல் கூராக முடிகின்றன. அங்கேயும் வளைவுதான், சிறிய வளைவு.

கிரிட்டாவில் ‘எம்’ விசையைத் தட்டுங்கள். படம் இடவலமாகப் புரளும். உங்கள் டம்ளர்கள் எல்லாம் வலப்பக்கம் சாய்வது அப்போதுதான் தெரியும்.

செம்மண்கோடு | ஜூன் 13, இரவு 10.30

தட்டினேன். ஆறு டம்ளரும் பைசா கோபுரம்.

தலைகீழ் | ஜூன் 21, இரவு 9.15

டீக்கடைப் படத்தின் மேலேயே நான் கொஞ்சம் வேலை செய்து பார்த்தேன், இணைத்திருக்கிறேன். பின்சுவரை இருட்டாக்கினேன், விளக்கை மாஸ்டரின் தோளுக்குப் பின்னால் நகர்த்தினேன், பெரியவர் ஒருவரை எடுத்துவிட்டேன். இருபது நிமிட வேலை. இப்போது கண் நேராக டீ விழும் இடத்துக்குப் போகிறது, பாருங்கள்.

மழைக்காகிதம் | ஜூன் 21, இரவு 10.20

படம் நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் கேட்டீர்களா? மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்ததை இன்னொருவர் இருபது நிமிடத்தில் ‘சரி’ செய்தால், எனக்காக இருந்தால் அடுத்த நாள் வரையவே தோன்றாது. ஒரு முறை எனக்கு அப்படி நடந்தது. திருத்தித் தந்தவர் என்னைவிட நன்றாக வரைந்திருந்தார், நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தலைகீழ் | ஜூன் 21, இரவு 11.30

கேட்டிருக்க வேண்டும். மன்னிக்கவும், செம்மண்கோடு. ஆனால் ‘வெளிச்ச அளவில் வேறுபாடு போதவில்லை’ என்று பத்து வரி எழுதுவதைவிட ஒரு படம் சீக்கிரம் புரியவைக்கும் என்பதை இன்னும் நம்புகிறேன்.

பெரியமேடு | ஜூன் 22, காலை 5.45

எங்கள் ஆசிரியர் ஒருவர் மாணவனின் தாளில் படத்தின் மேல் கைவைக்கவே மாட்டார். ஓரத்தில் இருக்கும் வெற்றிடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, கரித்துண்டால் நான்கு தீற்று தீற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். அதைப் பார்த்துத் தன் படத்தில் எங்கே என்ன செய்வது என்று மாணவனே கண்டுபிடிக்க வேண்டும். தீப்பெட்டி அளவில் மீசை வரைய முடியாது, ஆகவே அவர் வரைந்தது எப்போதும் இருட்டும் வெளிச்சமும் இருக்கும் இடங்கள் மட்டும்தான். தலைகீழ், உங்கள் யோசனை சரி. தீப்பெட்டி அளவில் கொடுத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

செம்மண்கோடு | ஜூன் 22, இரவு 11.20

எனக்கு வருத்தம் இல்லை, உண்மையாகவே. கொஞ்சம் பொறாமை. அந்தப் பெரியவரை எடுத்தது மட்டும் வலித்தது. அவர் என் தாத்தாவின் சாயலில் இருப்பவர். மற்றதை எடுத்துக்கொள்கிறேன், அவரை மட்டும் திரும்ப உட்கார வைப்பேன்.

இன்னொரு சந்தேகம். வழவழப்பு எல்லாமே குற்றமா? கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து எங்கள் ஊரில் அச்சான சாமி படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த முகங்களும் வழவழவென்றுதான் இருக்கும், ஆனால் மெழுகாகத் தோன்றாது.

பெரியமேடு | ஜூன் 23, காலை 6.00

அருமையான கேள்வி. ஒரு பழைய முருகன் படத்தை எடுத்துக்கொண்டு நீலச்சாயம் சொன்ன கருப்பு லேயரைப் போட்டுப் பாருங்கள். முகம் வழவழப்புதான். கிரீடத்தின் ஓரம், மாலையின் இதழ், மயிலின் கழுத்து எல்லாம் வெட்டி நிற்கும். எங்கே குழைக்க வேண்டும் என்று தெரிந்து குழைத்தவர்கள் அவர்கள்.

செம்மண்கோடு | ஜூலை 19, இரவு 11.45

நடுவில் வேலை நெருக்கடி. அடுத்த ஆண்டு நாட்காட்டிகள் இப்போதே தொடங்கிவிட்டன. ஆனாலும் வாரத்துக்கு மூன்று ஸ்டடி தவறவில்லை. இந்த மாதக் கேள்வி: நிழலில் இருக்கும் வெள்ளை வேட்டி.

பேருந்து நிலையத்தில் ஒரு தூணின் நிழலில் நின்றவரைப் புகைப்படம் எடுத்தேன். வேட்டியின் நிழல் பக்கத்தை என் மனக்கணக்கில் வைத்த எண் 200 (0 கருப்பு, 255 வெள்ளை). தொட்ட இடத்தின் நிற எண்ணைக் காட்டும் ஐட்ராப்பர் கருவியால் தொட்டுப் பார்த்தால் 110 சொச்சம், அதிலும் நீலம் கலந்த சாம்பல். நம்ப முடியாமல் நான்கு இடத்தில் தொட்டேன். அதே படத்தில் வெயிலில் கிடந்த தார்ச்சாலை அதைவிட வெளிச்சம்! வெள்ளை வேட்டியைவிடக் கருப்புச் சாலை வெளுப்பு என்று யாரிடம் சொல்வது?

நீலச்சாயம் | ஜூலை 20, காலை 8.00

எங்களிடம் சொல்லலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடல்சன் 1995-இல் இதற்கென்றே ஒரு சதுரங்கப் பலகைப் படம் செய்தார். ஓர் உருளையின் நிழல் பலகையில் விழுகிறது. நிழலுக்கு வெளியே இருக்கும் கருங்கட்டமும் நிழலுக்குள் இருக்கும் வெண்கட்டமும் ஒரே சாம்பல். அளந்து பார்த்த பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது. மூளை நிழலைக் கழித்துவிட்டு, ‘இது வெள்ளைதான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பார்ப்பதற்கு அது நல்லது, வரைவதற்குத் தொல்லை.

ஐட்ராப்பரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் முதலில் ஊகித்துவிட்டுப் பிறகு தொட்டீர்கள், அதுதான் சரியான வரிசை. தொட்டுத் தொட்டே வரைந்தால் படம் ஒத்துப்போகும், கண் ஒன்றும் கற்காது. கைப்பேசிக் கேமரா நிழலைத் தன் இஷ்டத்துக்கு இருட்டாக்கவும் வெளுக்கவும் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம். மாதத்தில் சில நாளாவது நேரில் பார்த்து வரையுங்கள்.

பெரியமேடு | ஜூலை 20, மாலை 5.30

ஓவியர் சில்பி கோயில் சிற்பங்களை அந்தந்தக் கோயிலிலேயே உட்கார்ந்து வரைந்தார். கல் நகராது என்பதற்காக அவர் அவசரப்படாமல் இருந்திருக்கலாம், வெயில் நகரும் அல்லவா?

மழைக்காகிதம் | ஜூலை 22, இரவு 9.10

நானும் சேர்ந்துகொண்டேன். கைப்பேசியில் விரல் படத்தையே மறைத்துவிடுகிறது, ஆகவே சின்ன விவரம் எதையும் வரைய முடிவதில்லை. முன்பு அதற்காக அழுவேன். இப்போது அதுவே லாபமாகிவிட்டது. மூன்றே சாம்பலில் கத்தரிக்காய் ஒன்று இணைத்திருக்கிறேன். கேள்வி: காயின் பளபளப்பில் எங்கள் ஜன்னலின் நான்கு கட்டமும் தெரிகிறதா?

தலைகீழ் | ஜூலை 22, இரவு 10.00

மூன்று கட்டம் தெரிகிறது. நான்காவது காம்பின் நிழலுக்குள் போய்விட்டது. இல்லை, அப்படியே விடுங்கள், அதுதான் நன்றாக இருக்கிறது.

செம்மண்கோடு | செப்டம்பர் 7, இரவு 11.30

டீக்கடையைப் புதிதாக வரைந்துவிட்டேன். பழையதன் மேல் அல்ல, வெற்றுத் தாளிலிருந்து. முதலில் தீப்பெட்டி அளவில் 22 கட்டங்கள் போட்டேன். பத்தொன்பதாவதைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் ஐந்து லேயர், 100 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கவில்லை, ஒன்பது நாள். பின்சுவர் இருட்டில். விளக்கு தலைகீழ் அண்ணன் சொன்ன இடத்தில். தாத்தா பெஞ்சில் இருக்கிறார், வேட்டியின் பெரும்பகுதி நடுச்சாம்பலில், முழங்காலில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு. மாஸ்டரின் மீசை இரண்டே தீற்று.

மாஸ்டர் கையில் இருக்கும் டம்ளரை மட்டும் கேட்காமலே பாராட்டலாம். அடி வட்டத்தைக் கவனியுங்கள்.

தலைகீழ் | செப்டம்பர் 8, காலை 6.30

கூரையின் இடதுபக்கம் காலியாகக் கிடக்கிறது, அங்கே ஏதோ ஒன்று வேண்டும். மற்றபடி, மூன்று மாதத்துக்கு முன் ஸ்டடியை எதிர்த்து நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பாதியை மட்டும்.

நீலச்சாயம் | செப்டம்பர் 8, காலை 8.10

நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். மாஸ்டர் இருக்கிறார். தங்கை என்ன சொன்னார்?

செம்மண்கோடு | செப்டம்பர் 8, இரவு 10.50

வெகு நேரம் பார்த்தாள், அக்கா. பிறகு, ‘டம்ளர் தத்ரூபமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கடையில் எவர்சில்வர் டம்ளரில் டீ தருகிறார்கள்? கண்ணாடி கிளாஸ் அல்லவா?’ என்றாள்.

நாளை காலை ஜன்னலில் கண்ணாடி கிளாஸ் வைக்கப் போகிறேன்.

பெரியமேடு | செப்டம்பர் 9, காலை 5.40

காலியாக வைக்காதீர்கள். டீயை ஊற்றி வையுங்கள். மேலே ஆடை படிவதற்குள் வரைந்துவிட வேண்டும்.